பென்சிலால் வந்த சிவப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அந்தக் காலக் கல்யாணங்கள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். பந்தக்கால், பெட்ரோமாக்ஸ் விளக்கு, நலங்குப் பாட்டு எல்லாம் சரி. ‘அப்போதெல்லாம் பெண்ணின் அழகை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை, குணத்தையும் குடும்பத்தையும்தான் பார்த்தார்கள்’ என்ற இடத்தில்தான் இடித்தது. குடும்பத்தைப் பார்த்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அரை மணி நேரத்தில் குணத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று கட்டுரையாளர் சொன்னால் தேவலை.

என் அப்பா மாயவரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். 1960களில் தை பிறந்துவிட்டால் அங்கே வருகிற கூட்டத்தில் பாதி, வரன் தேடப் பெண்ணைப் படம் எடுக்க அழைத்து வருகிறவர்கள்தான். கண்ணாடி முன்னால் ஒரு சீப்பு, குட்டிகுரா பவுடர், முகத்தில் பூச ஒரு டப்பா ஆப்கன் ஸ்நோ க்ரீம். மிச்ச வேலை அப்பாவுடையது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? கறுத்த முகம் அதில் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். அந்த இடத்தில் பென்சிலால் தீட்டினால் பிரிண்டில் வெளுத்து வரும். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிய பென்சிலால் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். அம்மைத் தழும்பு மறையும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் போகும். “கொஞ்சம் கலரா வரட்டும் சார்” என்று பெண்ணின் தகப்பனார் தணிந்த குரலில் சொல்வார். பக்கத்திலேயே பெண் நிற்பாள்.

வாயைத் திறந்து கறுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தரகர் வாயில் கறுப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். இரண்டும் எடுபடாது என்றால் ‘மூக்கும் முழியுமா இருப்பா’. மூக்கும் முழியும் இல்லாமல் யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளைக்கு இப்படி வார்த்தை தேடுகிற அவசியமே வரவில்லை. வழுக்கையோ தொந்தியோ, சர்க்கார் உத்தியோகம் என்றால் தீர்ந்தது.

அப்பாவுக்கு இரண்டு தங்கைகள். பெரிய அத்தையை அழகில்லை என்று சொல்ல முடியாது, அழகு என்றும் யாரும் சொன்னதில்லை. பத்துப் பேர் நடுவில் நின்றால் தேட வேண்டியிருக்கும். அவர் படத்துக்கும் அப்பா பென்சில் பிடித்தார். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், நேரில் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பஜ்ஜி சொஜ்ஜி முடிந்ததும் “ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்”. நாலாம் நாள் கார்டு வரும், ஜாதகம் சரியாக அமையவில்லை என்று. ஜாதகம் பொருந்திய பிறகுதானே பெண் பார்க்கவே வந்தார்கள்!

இப்படி ஒன்பது இடம். அதில் ஒரு இடம் கார்டு போடவில்லை, ஆள் அனுப்பியது. தண்ணீர்ச் சொம்பு கொண்டுவந்த சின்னப் பெண்ணைக் கொடுப்பதாக இருந்தால் சம்மதமாம். தாத்தா மறுத்துவிட்டார். அப்புறம் பெண் பார்க்க ஆள் வருகிற நாளெல்லாம் சின்ன அத்தை பக்கத்து வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருப்பார். அவர் பங்குச் சொஜ்ஜி அங்கே போகும். அக்கா தங்கை இருவரும் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்று பாட்டி சொல்வார்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலோ ஒவ்வொரு கார்டுக்கும் பவுன் கூடிக்கொண்டே போனது. 15இல் ஆரம்பித்தது 25இல் நின்றது, அதுவும் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக. இருபத்தெட்டு வயதில்.

எனக்கு உறுத்துவது பார்க்க வந்தவர்கள்கூட இல்லை. அவர்கள் வெளியாட்கள், போய்விட்டார்கள். வெயிலில் நிற்காதே என்று விரட்டியதும் பயத்தமாவைப் போட்டுக் கன்னம் எரியத் தேய்த்ததும் பாட்டிதான். அப்பாவுக்குத் தங்கை என்றால் உயிர். அந்தப் பென்சிலை அவர் பாசத்தில்தான் எடுத்தார். ‘இந்த முகம் போதாது’ என்று அத்தைக்கு முதலில் சொன்னது யார் என்று யோசித்தால், அவர் மேல் அதிகப் பிரியம் வைத்திருந்தவர்கள்தான் வருகிறார்கள்.

1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபோது பென்சிலுக்குப் பதில் டியூப் என்று அப்பா சிரித்தார். 2020இல் அதன் பெயரில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. தரகர் கறுப்பை மாநிறமாக்கியது போலத்தான் எனக்குப் பட்டது.

அத்தை இப்போது எண்பதை நெருங்குகிறார். கண் சரியில்லை. உங்கள் கட்டுரையை நான்தான் வாசித்துக் காட்டினேன். குணத்தைப் பார்த்தார்கள் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, “பஜ்ஜியில உப்பு கம்மின்னுகூடச் சொல்லிட்டுப் போனாங்கடி” என்றார்.

வாசகி,
மயிலாடுதுறை.