ஜிபிஎஸ் மாட்யூலைக் குறை சொல்லுமுன் பஃபரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் காலம் வந்தாலே ஒரே புகாரைக் கேட்கிறோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை ஆர்டுயினோ உனோ (ஆர்3) என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இணைத்தால் இருப்பிடம் திடீரென்று தாவுகிறது, அல்லது வரவே மாட்டேன் என்கிறது என்று மாணவர்கள் சொல்கிறார்கள். உடனே இன்னொரு மாட்யூல் வாங்கவும் செய்கிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வீண். மாட்யூல் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. வருவதை எடுத்துவைக்க நிரல்தான் தவறுகிறது.

கணக்கு எளிது. 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து 10 பிட். அதாவது ஓர் எழுத்து வர சுமார் 1.04 மில்லி செகண்ட். வரும் எழுத்துகளை நிரல் எடுக்கும்வரை வைத்திருக்கும் நினைவிடம்தான் பெறும் பஃபர், ஆர்டுயினோவில் அது 64 பைட், அதாவது 64 எழுத்து. அதில் ஓர் இடம் எப்போதும் காலியாக விடப்படும், இல்லாவிட்டால் பஃபர் காலியா நிறைவா என்று பிரித்தறிய முடியாது. மிஞ்சுவது 63. ஆக, நிரல் 66 மில்லி செகண்ட் வேறு எதிலாவது நின்றுவிட்டால் பஃபர் நிறைந்துவிடும். அதன்பின் வருவது எச்சரிக்கை ஏதுமின்றிக் காணாமல் போகும். நியோ-6எம் வாங்கிய நிலையில் விநாடிக்கு ஏறக்குறைய 400 முதல் 500 எழுத்து அனுப்பும். நிரலில் டிலே 1000, அதாவது ஒரு விநாடி சும்மா நில், என்று ஒரு வரி இருந்தால் போதும், அதில் பெரும்பகுதி போய்விடும்.

எது போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பஃபர் நிறைந்தால் ஆர்டுயினோ பழையதை வைத்துக்கொண்டு புதியதைத் தள்ளிவிடுகிறது. ஜிபிஎஸ் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் வாக்கியம் என்பார்கள், அதன் விவரங்கள் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். எனவே ஒரு வாக்கியத்தின் தலையும் பிறகு வந்த வேறொரு வாக்கியத்தின் வாலும் ஒட்டிக்கொள்கின்றன. காற்புள்ளிகளை எண்ணி அட்சரேகையை எடுக்கும் நிரல் தவறான இடத்திலிருந்து எண்ணை எடுக்கிறது. இருப்பிடம் ‘தாவுவது’ இதனால்தான். திரையில் பொருளற்ற குறிகளாக வந்தால் பாட் வேகத்தையும் கிரவுண்டு வயரையும் பாருங்கள். எழுத்துகள் சரியாக இருந்து நடுவில் மட்டும் துண்டு காணவில்லை என்றால் அது பஃபர் நிரம்பியதன் அடையாளம்.

டிலே மட்டும் குற்றவாளி அல்ல. டிஎஸ்18பி20 வெப்ப உணரி 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி செகண்ட் எடுக்கும். அதன் லைப்ரரி அதுவரை காத்திருக்கும், காத்திருக்காதே என்று நாம் சொன்னால் ஒழிய. வருவதை மொத்தமாகப் படிக்கும் ரீட்ஸ்ட்ரிங் கட்டளை ஒரு விநாடி மௌனம் வரும்வரை திரும்பாது. எஸ்டி கார்டில் எழுதும்போது கார்டு சில சமயம் 100 மில்லி செகண்டுக்கு மேல் பிடித்துவைக்கும். சோதனைக்காக 9600-இல் பிரின்ட் செய்வதுகூட ஆபத்துதான். அனுப்பும் பஃபர் நிறைந்ததும் பிரின்ட் நின்று காத்திருக்கும், அந்நேரம் பெறும் பஃபர் வழியும்.

வேகத்தை 115200 ஆக்கினால் தீரும் என்று சிலர் நம்புகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கும். அந்த வேகத்தில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தால் 63 பைட் ஐந்தரை மில்லி செகண்டில் நிறைந்துவிடும்.

சரியான வழி இதுதான். திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியான லூப்பில் டிலே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும், பஃபரில் எழுத்து மிச்சம் உண்டு என்று அவைலபிள் கட்டளை சொல்லும்வரை, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து 83 இடமுள்ள வரிசையில் சேருங்கள். ஜிபிஎஸ் வாக்கியங்களின் பொது வடிவமான என்எம்இஏ-வில், டாலர் குறியில் தொடங்கும் வாக்கியத்தின் உச்ச நீளம் 82, கூடுதல் ஒன்று முடிவுக் குறிக்கு. டாலர் குறி வந்தால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். வரி முடிவு வந்தால் டாலருக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடையிலுள்ள எல்லா எழுத்துகளையும் எக்ஸ்-ஆர் (பிட் வாரியாக ஒப்பிடும் கணக்கு) செய்து, நட்சத்திரக் குறிக்குப் பின் வரும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தினால் மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை 82-ஐத் தொட்டும் வரி முடியவில்லை என்றால் அதைத் தூக்கியெறிந்து அடுத்த டாலருக்குக் காத்திருங்கள். இந்த எல்லைச் சோதனையை விட்டுவிடுபவர்கள் அதிகம். வரி முடிவுக் குறியும் அடுத்த டாலர் குறியும் சேர்ந்து ஒருமுறை தொலைந்தாலும் எழுத்துகள் பக்கத்து மாறிகளின் மேல் ஏறி, போர்டு ரீசெட் ஆகக்கூடும்.

பஃபரைப் பெரிதாக்குவது அடுத்த படிதான். லூப்பின் மிக நீண்ட சுற்றை, நேரம் சொல்லும் மைக்ரோஸ் கட்டளை கொண்டு அளந்து, அத்தனை மில்லி செகண்டுக்கு அத்தனை பைட் என்று வையுங்கள். 200 வந்தால், கொஞ்சம் கூடுதலாக, 256 பைட். ஸ்கெட்சில், அதாவது நாம் எழுதும் நிரலில், டிஃபைன் வரி எழுதினால் பலிக்காது, பஃபரைக் கையாளும் அடிப்படை நிரலான ஆர்டுயினோ கோர் தனியாகக் கம்பைல் ஆகிறது. பில்டு அமைப்பில்தான் மாற்ற வேண்டும். உனோவின் மொத்த ரேம் 2048 பைட், எஸ்டி லைப்ரரி மட்டும் 512 எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். சொந்தமாக ரிங் பஃபர் (முடிவை எட்டியதும் தொடக்கத்துக்குத் திரும்பும் பஃபர்) எழுதுவோர் 256-ஐத் தாண்டினால், எந்த இடம் என்று காட்டும் குறியெண் இரண்டு பைட் ஆகும். 255-இலிருந்து 256-க்கு மாறும் நொடியில் பாதி படித்த நிலையில் இன்டரப்ட் (எழுத்து வந்ததும் நிரலை இடைமறித்து அதைப் பஃபரில் சேர்க்கும் வழி) வந்தால் 511 என்று படிக்கக்கூடும். இன்டரப்டை நிறுத்திப் படித்துவிட்டு உடனே திறந்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய பஃபரும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. ஈரப்பத உணரியான டிஹெச்டி22-இன் லைப்ரரி இன்டரப்டை 5 மில்லி செகண்ட் அளவுக்கு மூடிவைக்கும். அப்போது சில்லின் வன்பொருளில் இரண்டு பைட்டுக்கும், வந்துகொண்டிருக்கும் மூன்றாவதுக்கும் மட்டுமே இடம். நான்காவது தொடங்கினால் இழப்பு. ஜிபிஎஸ் தன் விநாடிக்கான கடைசி வாக்கியத்தை முடித்ததும் லைன் சிறிது நேரம் மௌனமாக இருக்கும். ஈரப்பதத்தை அந்த இடைவெளியில் படியுங்கள்.

ஜிபிஎஸ்ஸையும் ஜிஎஸ்எம் (செல்பேசி வலை) மாட்யூலையும், சீரியல் போர்ட்டை நிரலாலேயே உருவாக்கும் சாஃப்ட்வேர் சீரியல் இரண்டில் இணைப்பது இன்னொரு பொறி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்கும். நான்கு யூஆர்ட் (வன்பொருள் சீரியல் போர்ட்) உள்ள ஆர்டுயினோ மெகா 2560 இதற்குப் பொருத்தம்.

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் அமரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘உங்கள் லூப்பின் மிக நீண்ட சுற்று எத்தனை மில்லி செகண்ட்? அதற்குள் எத்தனை பைட் வரும்?’ என்று கேளுங்கள். மாணவர்களுக்கான பக்கத்தில் நிரல் வெளியிடும் தங்களைப் போன்ற நாளிதழ்கள், சீரியல் தரவு படிக்கும் மாதிரி நிரலில் டிலே இல்லாமல் பார்த்துக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
எம்பெடட் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்