அப்பாவுக்கு கரண்டு வச்ச நாள்கள்ல கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட கணைய கேன்சருக்கு கரண்டு, அதான் ரேடியேஷன், வச்சி முடிச்சி, அதுக்குப் பொறவு எடுத்த ஸ்கேனும் வந்தாச்சி. கட்டி வளரல. அப்பா இப்பம் மல்லாக்க படுத்து தூங்குதாவ. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் ஒரு எட்டு வந்து சொல்லணும்னுதான் ஆசை, அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் அலைஞ்சதுல கெடப்புல கெடக்க வேலை தலைக்கு மேல இருக்கு, அதான் இங்கன எழுதுதேன்.

மொத நன்றி ரேடியேஷன் டாக்டரம்மாவுக்கு. அவிய எங்ககிட்ட எதையும் மறைச்சிப் பேசல. அங்க போய்ச் சேருறதுக்கு முந்தி நாங்க பட்ட பாடு ஊருக்கே தெரியும், வயித்து வலி முதுகுக்கு இழுக்குன்னு போனா கேஸ் டிரபிள்னு மாத்திரை, வம்சத்துலயே இல்லாத சுகர் திடீர்னு வந்து ஆளும் பாதியா மெலிஞ்சப்ப சுகருக்கு மட்டும் மாத்திரை, கடைசியில கண்ணு மஞ்சளாயி ஒண்ணுக்கு கடுங்காப்பி கலர்ல போன பொறவுதான் சிடி எடுத்தது. பித்தக்குழாய் அடைச்சிருக்குன்னு ஸ்டென்ட் வச்சாவ, பயாப்ஸி, அப்புறம் கீமோ. ஐம்பது அறுபது வயசுல காரணமே இல்லாம சுகர் வந்து எடையும் கொறஞ்சா டாக்டர்கிட்ட வயித்து ஸ்கேன் வேணுமான்னு கேட்டுருங்க, இத படிக்கவங்களுக்கு நான் சொல்லிக்கிடுறது இம்புட்டுதான்.

கட்டி குடலுக்குப் போற பெரிய ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டதுனால ஆப்பரேஷனுக்கு வழியில்லன்னு சர்ஜன் சொல்லிட்டாவ. கீமோ ஏத்தி, வேற எங்கயும் பரவலன்னு பாத்துட்டுதான் ரேடியேஷனுக்கு அனுப்புனாவ. எங்க அண்ணன் உக்காந்ததும் உக்காராததுமா, இத வச்சா கொணமாயிருமா டாக்டர்னு கேட்டுட்டான். டாக்டரம்மா ஒரு பேப்பர எடுத்து கணையம், இரைப்பை, முன்சிறுகுடல்னு படம் போட்டு, கொணமாக்கும்னு நான் சொல்ல மாட்டேன்னு ஆரம்பிச்சாவ. ஆப்பரேஷன் பண்ண முடியாத இந்த மாதிரி ஆளுகள வச்சி பிரான்ஸ் டாக்டருங்க நடத்துன எல்.ஏ.பி.07ன்னு ஒரு ஆராய்ச்சி 2016ல வந்துச்சாம், கீமோவையே தொடர்ந்தவங்களுக்கும் இடையில ரேடியேஷன் வச்சவங்களுக்கும் ஆயுசுல பெரிய வித்தியாசம் இல்லையாம், ஆனா கட்டி அது இருக்க எடத்துலயே வளர்றது 46 சதவீதத்துல இருந்து 32 சதவீதமா கொறஞ்சிதாம். உங்கப்பாவுக்கு பெரிய பாடே முதுகு வலிதான், கட்டி பின்னால இருக்க நரம்புக் கூட்டத்துல ஏறி உக்காந்திருக்கு, அத அடக்கி வைக்கத்தான் இது, வலி கொறையலாம்னு சொன்னாவ. அண்ணனுக்கு மொகம் செத்துப் போச்சி. அப்பாதான், வலி போனா போதும்மா, வையுங்கன்னு சொல்லிட்டாவ. அம்புட்டு நேரமும் அவிய நாக்காலியில முன்னால குனிஞ்சேதான் உக்காந்திருந்தாவ, நிமுந்தா வலிக்கும்.

ஏன் ஒரே நாள்ல வச்சி முடிக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரவ கேட்டதுக்கும் சலிக்காம பதில் சொன்னாவ. கணையத்த ஒட்டியே முன்சிறுகுடல் வளைஞ்சி கெடக்கு, அதுக்கு ரொம்பக் கதிர் பட்டா புண்ணாயிரும், ரத்தம் கசியும். அதனாலதான் நாளைக்கு 1.8 'கிரே' (கதிர அளக்க கணக்கு) வீதம் பிரிச்சி, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 28 தடவை, மொத்தம் 50.4 வரும், சனி ஞாயிறு நல்ல செல்லுங்க தேறிக்கிட விட்டுருவாவ. அஞ்சே தடவையில முடிக்க முறையும் இருக்கு, ஆனா கட்டி குடலோட ஒட்டிக்கிட்டு இருந்தா யோசிச்சிதான் செய்வாவளாம். கூடவே காலையும் ராத்திரியும் சாப்பிட்டதும் கேப்சைட்டபின்னு கீமோ மாத்திரை, அது கதிரு நல்லா வேலை செய்ய ஒத்தாசை பண்ணுமாம்.

அடுத்தது மெஷின் ரூம் தம்பிங்களுக்கு. மூச்சு விடும்போது கணையமும் மேலயும் கீழயும் ஏறி எறங்குமாம், அது எனக்கு அங்க போய்த்தான் தெரியும். கதிர் கட்டியிலதான் விழணும், அதனால மூச்ச இழுத்துப் பிடிக்கணும். 'அய்யா மூச்ச இழுங்க... பிடிங்க... பிடிங்க... விடலாம்'னு மைக்குல சொல்லுவாவ, நாங்க வெளிய பெஞ்சில இருந்து கேப்போம். மத்தவங்க பத்து நொடிக்கே தெணறுவாவ போல, எங்கப்பா சின்ன வயசுல கல்லிடைக்குறிச்சி ஆத்துல முங்கி துட்டு பொறுக்குன ஆளு, விடுங்கன்னு சொன்ன பொறவும் பிடிச்சிக்கிட்டே கெடந்திருக்காவ. தம்பி பதறிப்போயி, 'அய்யா விடுங்கய்யா'ன்னு கத்துனது வெளிய வர கேட்டுச்சி, எல்லாரும் சிரிச்சிட்டோம். வயித்துல போட்ட மார்க் அழியாம குளிக்க சொல்லிக்குடுத்ததும் அந்த தம்பிதான். உள்ள கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கம் எம்புட்டு கதிர்னு கணக்கு போட்ட பிசிசிஸ்ட் சார நாங்க ஒரு தடவ கூட சரியா பாக்கல, அவருக்கும் நன்றி.

எங்க தெருவுல ஒருத்தவ, கரண்டு வச்ச மனுசன்கிட்ட சின்னப் பிள்ளைய விடாதீங்க, கதிரு ஒட்டிக்கிடும்னு கெளப்பி விட்டுட்டாவ. அப்பா அன்னைல இருந்து என் பிள்ள வந்தா தூர போ தூர போன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாவ. இத நர்ஸக்காகிட்ட அழுதுகிட்டே சொன்னேன். அவிய நேரா அப்பாகிட்ட போயி, மெஷின ஆஃப் பண்ணதும் கதிரும் நின்னுரும் தாத்தா, ஒங்க ஒடம்புல ஒண்ணும் மிச்சம் இருக்காது, பேரன தூக்கி மடியில வையுங்கன்னு அதட்டிட்டாவ. அந்த அதட்டலுக்கு எத்தன நன்றி சொன்னாலும் காணாது.

வலி மாத்திரை தந்த சிஸ்டர விட்டுட்டா பாவம் வந்துரும். கரண்டு வச்ச மறுநாளே வலி போயிராது, முடிஞ்சி சில வாரம் ஆகும், அதுவரைக்கும் மார்பின் போடுங்க, பயப்படாதீங்க, மலச்சிக்கல் வரும், அதுக்கு மருந்தும் சேத்தே குடுங்கன்னு எழுதியே தந்தாவ. அப்படியேதான் நடந்துச்சி.

மைனி, ஒங்களுக்கு தனியா எழுதணும். மெஷினுக்குப் போகும்போது வயிறு காலியா இருக்கணும், திரும்பி வந்தா குமட்டும், கொழுப்பு சேந்தா செரிக்காது, இந்த மனுசனுக்கு என்னத்தக் குடுக்கன்னு முழிச்சப்ப உளுந்தங்கஞ்சி, இட்லி, எண்ணெ கொறச்ச அவியல்னு கொஞ்சம் கொஞ்சமா தூக்குச்சட்டியில அடைச்சி, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே போட வேண்டிய, செரிக்க வைக்க என்சைம் கேப்சூல மூடியில ஒட்டி அனுப்புவிய. நாங்க மறந்தாலும் அந்த மூடி மறக்க விடல.

முதலமைச்சர் காப்பீட்டு கவுண்டர்ல இருந்த அக்கா, ரேஷன் கார்டுல அப்பா பேரு ஒரு மாதிரியும் ஆதார்ல ஒரு மாதிரியும் இருந்தத திருத்த எங்க போகணும்னு பொறுமையா சொல்லி விட்டதுக்கு நன்றி. பெஞ்சில கூட இருந்தவங்க, டீக்கடை அண்ணாச்சி, செங்கோட்டை ரயில்ல அப்பாவுக்கு எடம் விட்டு எந்திரிச்ச காலேஜ் பிள்ளைங்க, எல்லாருக்கும்தான்.

அப்புறம் ஒரு ஆட்டோ அண்ணாச்சி. கடைசி நாள் ஜங்ஷன் வரைக்கும் கொண்டு விட்டுட்டு, முடிஞ்சிட்டா, நல்லாருங்கன்னு சொல்லி துட்டு வாங்காம போயிட்டாவ. நம்பரு வாங்க விட்டுப்போச்சி. முன்கண்ணாடி பூரா சொரிமுத்து அய்யனார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆஸ்பத்திரி வாசல்லதான் நிப்பாவ. யாராவது பாத்தா, அம்பாசமுத்திரத்துல இருந்து வந்த தாத்தா தேடுதாவன்னு சொல்லுங்க.