பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு எந்த வரிசை?

வடக்கு மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கும் யாழ்ப்பாண மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொவிட் காலத்தை எல்லோரும் மறக்க விரும்புகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். அடுத்த பெருந்தொற்று வந்த பிறகு தடுப்பூசி முன்னுரிமைப் பட்டியலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அப்போது உங்களுக்கு நேரமும் இருக்காது, ஊசியும் போதாது. ஆகவே இப்போதே கேட்கிறேன்: வீடுகளில் பிள்ளை பார்க்கும் பெண்களை அந்தப் பட்டியலில் எங்கே வைக்கப் போகிறீர்கள்? நானும் பிள்ளையை ஒருவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள்தான். இதில் எனக்கும் நலன் உண்டு என்பதை மறைக்கவில்லை.

2021 ஜனவரி 29 அன்று இலங்கையில் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்கே முதலிடம். அதில் எவருக்கும் மனக்குறை இருக்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கு மே 30 அன்றுதான் ஆரம்பமானது. வந்தவை 50,000 சினோபார்ம் ஊசிகள்; தொற்றுக் கூடிய கிராம அலுவலர் பிரிவுகளுக்கு முதலில் கொடுத்தார்கள். கையிருப்புக் குறைவென்றால் வேறு என்னதான் செய்வது? ஆனாலும் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. நல்லூரில் பிள்ளை பார்க்கும் பெண் அச்சுவேலியிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவராக இருக்கலாம். வீட்டுக்காரரின் பிரிவு தெரிவானால் வீட்டுக்காரருக்கு ஊசி. நாள் முழுவதும் அதே வீட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவருக்கு இல்லை. இரவில் எங்கே படுக்கிறார் என்று பார்க்கிறோம், பகலில் யாரோடு இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

இந்த வேலையை எட்ட நின்று செய்ய முடியாது. ஆசிரியர் சூம் வழியாகப் படிப்பித்தார். வங்கியில் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சோறு தீத்துவதற்கும், மூக்குத் துடைப்பதற்கும், தோளில் போட்டு நித்திரையாக்குவதற்கும் எந்தத் தடுப்பை வைப்பது? அந்தப் பிள்ளைக்கு முகக்கவசமும் போட முடியாது. ஐந்து வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயமாக்கக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 இலேயே சொல்லியிருந்தன. அப்போது தடுப்பூசியும் அந்த வயதுக்கு வரவில்லை. பிள்ளைக்கும் கிருமிக்கும் நடுவில் நிற்பது அந்தப் பெண் ஒருவர்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வைத்தியசாலைத் தாதிக்கு முதல் நாளே ஊசி ஏற்றிவிட்டீர்கள். அவருடைய பிள்ளையைப் பார்ப்பவர் காய்ச்சலில் படுத்தால் தாதி இரவுக் கடமைக்கு எப்படி வருவார்? வைத்தியசாலை விடுதியில் ஆள் குறைந்த பிறகு அதன் காரணத்தை யாரும் அச்சுவேலி வரை தேடிப் போவதில்லை.

அமெரிக்காவில் 2021 மார்ச் 2 அன்று ஜனாதிபதி பைடன், ஆசிரியர்களோடு சிறுவர் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் முன்னுரிமை கொடுக்கும்படி மாநிலங்களைப் பணித்தார். பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவரிடம் அதற்கான அத்தாட்சி இருக்கும். தனி வீட்டில் வேலை செய்பவர் எதைக் காட்டுவார்?

எங்கள் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய 1871 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். பதிவேடு பொலிஸின் கையில். வீட்டுப் பொருள் களவு போய்விடுமோ என்ற பயம், வேறென்ன. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது வீட்டு வேலையை வெளியே விட்டார்கள். சந்தேகப்படுவதற்குப் பதிவு இருந்தது, சேமிப்புக்கு இல்லை. திணைக்களங்கள் அனுப்பும் பெயர்ப் பட்டியல்களை வைத்து ஊசி கொடுத்தால் இவர்களின் பெயர் எந்தத் திணைக்களத்திலிருந்து வரும்?

முதியவர்களையும் நாட்பட்ட நோயாளர்களையும் முந்திக்கொண்டு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொவிட்டில் மரணம் வயதானவர்களைத்தான் கூடுதலாகத் தேடிப் போனது. அவர்களுக்குப் பின்னால் நிற்பது நியாயம். பிள்ளை பார்ப்பவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் அந்த வரிசையிலேயே வந்துவிடுவார்கள். மற்றவர்களை முன்பள்ளி ஆசிரியைகளோடு ஒரே வரிசையில் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கடிதம் கொடுத்தால் போதும் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். மச்சாளும் சித்தியும் ஒரே இரவில் பிள்ளை பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் ஊரை நான் அறிவேன். இதற்கு ஏற்ற ஆள் குடும்பநல உத்தியோகத்தர். கைக்குழந்தை உள்ள வீடுகள் அவருக்குத் தெரியும், படலை திறந்து உள்ளே போகிறவர், பதிவேடும் வைத்திருக்கிறார். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்க்கிறார், அவர் எந்தப் பிரிவில் வசிக்கிறார் என்ற ஒரு விபரத்தை அதில் சேர்த்தால் போதும். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே விபரம் உதவும். குடும்பநல உத்தியோகத்தருக்கு ஏற்கெனவே எழுத்து வேலை அதிகம் என்பதும் தெரியும். ஆகவே புதிய படிவம் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட வேண்டாம்.

ஊசி ஏற்றும் நேரத்தையும் கவனியுங்கள். வார நாளில் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் அவர் ஒரு நாள் கூலியை இழப்பார், அல்லது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். ஞாயிறு பின்னேரம் ஒன்றை இவர்களுக்கென ஒதுக்குங்கள். மறுநாள் காய்ச்சல் அடித்தால் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டியது எங்களைப் போன்ற வீட்டுக்காரரின் பொறுப்பு. அதை அறிவித்தலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், எங்களில் சிலருக்கு எழுதி ஒட்டினால்தான் விளங்கும்.

இப்படிக்கு,
வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி
யாழ்ப்பாணம்