கிற்றார் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு எது முதல் கோர்ட் (பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு)?

ஆசிரியர் அவர்களுக்கு,

பரீட்சை முடிந்ததும் ஆசையோடு வாங்கிய கிற்றார், சில கிழமைகளிலேயே அலுமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது. "விரல் நோகுது" என்கிறார்கள் பிள்ளைகள். பொய்யில்லை. அவர்களைக் கண்டிக்கமுதல் 12ஆவது பிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிதான் பிரெட்) மேலே தடித்த தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள். உலோகத் தந்திக் கிற்றாரில் அது 2.5 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. 4 என்றால் வளர்ந்தவர் விரலே தாங்காது. பிரிட்ஜில் (உடற்பகுதியில் தந்திகளைப் பூட்டியிருக்கும் கட்டையில்) செருகியிருக்கும் வெள்ளைத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் தந்தி இறங்கும். 12ஆவது பிரெட்டில் உயரம் 1 மில்லிமீற்றர் குறைய, துண்டில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்த்துப் பாருங்கள், கூடிப்போனால் புதுத் துண்டுதான் போட வேண்டும்.

அடுத்த பிழை, எடுத்த எடுப்பிலேயே 'சி' மேஜர் கோர்ட்டைச் சொல்லிக்கொடுப்பது. மூன்று விரல், மூன்று பிரெட். ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும்: இரண்டாம் பிரெட்டில் நடுவிரல் ஐந்தாம் தந்தியிலும், மோதிரவிரல் நான்காம் தந்தியிலும். (மெல்லிய தந்திதான் முதலாவது; பலர் தலைகீழாக எண்ணுகிறார்கள்.) ஆறு தந்தியையும் அடிக்கலாம், விடுபட வேண்டியது ஒன்றுமில்லை.

விரல்நுனி பிரெட் கம்பியின் மேலே ஏறாமல், அதற்குச் சற்றுப் பின்னால் ஒட்டி நிற்க வேண்டும். தள்ளி வைத்தால் இரட்டிப்பு அழுத்தம் கொடுத்தும் 'கிர்ர்' என்று இரையும். பிறகு தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மூன்றாம் தந்தி செத்துக் கேட்டால் மோதிரவிரல் சரிந்து அதில் முட்டுகிறது. விரலை வளைத்து நுனியால் அழுத்தினால் தீரும். இடக்கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

அந்த இரு விரலையும் ஒரு தந்தி கீழே, மெல்லிய தந்திப் பக்கமாக இறக்கி, சுட்டுவிரலை இரண்டாம் தந்தியின் முதல் பிரெட்டில் வையுங்கள்: ஏ மைனர். ஆறாம் தந்தியை விட்டுவிட்டு அடியுங்கள். அங்கிருந்து மோதிரவிரலை மட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் பிரெட்டுக்கு மாற்றினால், பயமுறுத்திய 'சி' மேஜர் தானாக வந்துவிடும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருத் தந்தி விரலை அராவும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். நைலோன் தந்திக் கிற்றாருக்கு உலோகத் தந்தி மாட்டவே வேண்டாம், இழுவிசையில் பிரிட்ஜே பெயர்ந்துவிடும்.

நம்மூர்க் கடைக்காரர்கள் தந்தி உயரத்தைச் சரிபார்த்துவிட்டு விற்றால் பாதித் தொல்லை தீரும்.

இசை ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.