மஹாலில் கை ஒலிபெருக்கி வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் திருமலை நாயக்கர் மஹாலில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் சுற்றுகின்றன. கைடுகள் கை ஒலிபெருக்கியில் உரக்கப் பேசியும் பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் பாதிகூடப் புரிவதில்லை. குறை கைடுகளிடம் இல்லை, கட்டடத்தின் தன்மையே அப்படி. 1636-ல் எழுந்த அந்த மாளிகையின் உயர்ந்த வளைவுகளும், சொர்க்க விலாசத்தின் குவிமாடமும், வழவழப்பான சுதைப் பூச்சும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறுகிறது. முந்தைய சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது.

இதற்குத் தீர்வு கையடக்க வயர்லெஸ் கருவிகள்தான். கைடிடம் மைக்குடன் குரலை அலையாக அனுப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டர், பயணிகள் ஒவ்வொருவரிடமும் அதைக் காதில் கேட்க ஒரு ரிசீவர். குரல் நேராகக் காதுக்குப் போவதால் கைடு சாதாரணமாகப் பேசினாலே போதும். பக்கத்துக் குழுவுக்கும் தொந்தரவில்லை. ஆனால் வாங்கியவர்கள் பலரும் சில நாட்களிலேயே மூலையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுதிருக்காது, பயன்படுத்தும் முறையில்தான் தவறு.

முதலில் அலைவரிசை. நம் நாட்டில் 865-868 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். ஐரோப்பாவுக்காகச் செய்யப்படும் 863-865 மெகாஹெர்ட்ஸ் கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவரக் கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் பெற்ற மாடல்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான புளூடூத் இயர்போன் இதற்கு உதவாது. ஒரு கைப்பேசியோடு ஒன்றிரண்டுதான் இணையும், பேச்சும் தாமதமாக வந்து சேரும்.

பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கான கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாக உறிஞ்சிவிடும், மஹாலின் பருத்த தூண்களும் மறைக்கும். டிரான்ஸ்மிட்டரை இடுப்பின் பின்புறம் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் அலை கைடின் உடம்பையே தாண்டி வர வேண்டும். நெஞ்சுக்கு நேராகத் தொங்கவிடுவதே சரி. மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கன்னத்தோரமாக இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் மூச்சு மோதி ‘புஸ் புஸ்’ என்று கேட்கும். யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற காற்றடிக்கும் இடங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கைடு முதல் சேனலில் தமிழில் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு ரிசீவரில் கேட்டு, வேறொரு டிரான்ஸ்மிட்டர் வழியே பிரெஞ்சிலோ இந்தியிலோ சொல்வார். அந்த இரண்டு கருவிகளையும் ஒரே பெல்ட்டில் ஒட்டி மாட்டினால், பக்கத்து டிரான்ஸ்மிட்டரின் வலுவான அலை ரிசீவரைத் திணறடித்துவிடும். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் இருக்கட்டும். அனலாக் கருவி (குரலை டிஜிட்டலாக மாற்றாமல் அனுப்புவது) என்றால் அடுத்தடுத்த சேனல் வேண்டாம், இடையில் சிலவற்றை விட்டுத் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கைடிடமிருந்து சில அடி தள்ளி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் குரலும் கைடின் மைக்கில் ஏறும். உடனுக்குடன் மொழிபெயர்ப்பது மூளையைப் பிழியும் வேலை. 20-30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் தவறுகள் பெருகும். நாள் முழுக்க ஒருவரையே பேச வைப்பவர்கள் தயவுசெய்து இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்துப் பேருக்கு ஒரு ரிசீவர் கூடுதலாகக் கையிலிருக்கட்டும். எண் ஒட்டி, சத்த அளவைக் குறைத்து வைத்துக் கொடுத்து, நுழைவாயிலிலேயே “கேட்பவர்கள் கை தூக்குங்கள்” என்று சோதித்துவிட்டால் உள்ளே போய்த் தடுமாற வேண்டாம். ஒற்றைக் காதில் மாட்டுவதே நல்லது. தெருவைக் கடக்கும்போது வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமல்லவா. காது கேட்க உதவும் கருவி அணிந்த பெரியவர்களுக்கு, ஒலியை அந்தக் கருவிக்கே அனுப்பும், கழுத்தில் போடும் தூண்டல் வளையம் ஒன்றிரண்டு தனியே வேண்டும். திரும்ப வாங்கியதும் 70 சதவீத ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய வேனுக்குள் விட்டுவிட்டுப் போனால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசிக்கே தடை இருக்கிறது. அங்கே இக்கருவியைக் கொண்டுபோக நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அது கிடைக்காதவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியிலேயே விளக்கத்தை முடித்துக்கொண்டு, கருவிகளை வெளியில் வைத்துவிட்டுப் போகட்டும்.

தொல்லியல் துறைக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. மஹாலில் கை ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, நுழைவுச்சீட்டு தரும் இடத்திலேயே ரிசீவர்களை வாடகைக்குக் கொடுங்கள். எந்தக் குழுவுக்கு எந்தச் சேனல் என்று எழுத அங்கே ஒரு பலகையும் வையுங்கள். இரண்டு குழுக்கள் ஒரே சேனலில் பேசினால் இரு தரப்புக்கும் பாழ். கருவி வாங்குவதற்கு நாளானாலும், சொந்தக் கருவியோடு வரும் குழுக்களுக்காகப் பலகையை இந்த வாரமே வைக்கலாம். 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்திலும் இதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சுற்றுலா வழிகாட்டிகள், மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
மதுரை.