மேட்ரிக்ஸ் ஏன் உரிகிறது?

அன்புள்ள கயல்,

புது இன்குபேட்டர் வந்துவிட்டதில் மகிழ்ச்சி. ஆனால் எட்டு நாள் வளர்த்த மேட்ரிக்ஸ் (செல்கள் தம்மைச் சுற்றிப் பின்னும் புரத வலை), செல்லை நீக்கும் அன்றைக்குப் பாய் சுருளுகிற மாதிரி சுருண்டு வந்துவிடுகிறது என்கிறாயே, அதற்குச் செல்லைக் கரைக்கும் டிரைட்டன் சோப்பைத் திட்டாதே. தவறு பெரும்பாலும் முதல் நாளிலேயே நடந்திருக்கும்.

டிஷ்ஷின் அடியில் வெறும் ஜெலட்டின் பூச்சு மட்டும் இருந்தால் 37 டிகிரியில் நிற்காது. 0.2% ஜெலட்டினை ஒரு மணி நேரம் வைத்தபின் 1% குளூட்டரால்டிஹைடை அரை மணி ஊற்றி வை. அதுதான் பூச்சைக் கட்டிப் போடுகிறது. அடுத்து 1 மோலார் எத்தனாலமின், அதுவும் அரை மணி. அதை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு செல்லைக் கொன்றுவிடும். நடுநடுவே பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) நன்றாக அலசு.

35 மில்லிமீட்டர் டிஷ்ஷுக்கு 5 லட்சம் ஃபைப்ரோபிளாஸ்ட் (மேட்ரிக்ஸைச் சுரக்கும் செல்) போடு. மறுநாள் இடைவெளியே தெரியக்கூடாது; ஓட்டை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மீடியம் மாற்றும்போதெல்லாம் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி). அது இல்லாவிட்டால் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஹைட்ராக்சில் ஏறாது, வலையின் புரதமான கொலாஜனின் மூவிழைச் சுருள் நிலைக்காது. சீக்கிரம் ஆக்சிஜனேறிவிடும் சரக்கு, அன்றன்று கரைத்துக்கொள். சோம்பலாக இருந்தால் அதன் 2-பாஸ்பேட் வடிவம் வாங்கு, தாங்கும்.

செல்லை நீக்க: பிபிஎஸ்ஸில் 0.5% டிரைட்டன் எக்ஸ்-100, 20 மில்லிமோலார் அம்மோனியம் ஹைட்ராக்சைடு. பழைய பாட்டிலில் அம்மோனியா பறந்துபோயிருக்கும், பார்த்துக்கொள். 37 டிகிரிக்குச் சூடாக்கி, டிஷ்ஷின் சுவரோரமாக விடு. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்துவிடாதே; மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் செல்கள் மறைந்துவிடும். உடனே உறிஞ்சி எடுக்கத்தான் கை பரபரக்கும். எடுக்காதே, வலையும் சேர்ந்து வந்துவிடும். அதன் மேலேயே 2 மில்லி பிபிஎஸ் மெதுவாகச் சேர்த்து, இரவு முழுக்க 4 டிகிரியில் வை. காலையில் பாதியை மட்டும் எடுத்துப் புதிதாக ஊற்று; இப்படியே இரண்டு மூன்று முறை.

பிசுபிசுவென்று நூல் தெரிந்தால் அது டிஎன்ஏ. டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ்-I, மில்லிக்கு 10 மைக்ரோகிராம், அரை மணி. கால்சியமும் மக்னீசியமும் உள்ள பிபிஎஸ்ஸில் போடு. சாதா பிபிஎஸ்ஸில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது.

எந்தக் கட்டத்திலும் காயவிடாதே, இழைகள் படிந்துபோகும். ஒரு டிஷ்ஷை, நியூக்ளியஸை நீலமாகக் காட்டும் டாப்பி (DAPI) சாயத்துக்கும், வலையின் இழைப் புரதமான ஃபைப்ரோநெக்டினைக் காட்டும் ஆன்டிபாடிக்கும் ஒதுக்கு. நீல நியூக்ளியஸ் இல்லாமல் இழை மட்டும் தெரிந்தால், மற்றவற்றில் தைரியமாக ஸ்டெம் செல்லைப் போடலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே வெறும் பிளாஸ்டிக்கில் ஒன்று, ஃபைப்ரோநெக்டின் பூசியதில் ஒன்று வைக்க மறக்காதே. அடுத்த தடவையும் உரிந்தால், ஓரத்திலிருந்தா நடுவிலிருந்தா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மீனா