தேளுக்கு மட்டும் நல்ல வார்த்தை இல்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பொடி எழுத்தையும் சிரமமில்லாமல் படிக்கிறேன். அதனால் நீ கேட்டதற்குப் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

வேதாகமத்தில் தேள் எதற்கு அடையாளம் என்று கேட்டிருந்தாய். சாத்தானுக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. பாம்பை எடுத்துக்கொள். ஏதேனில் ஏமாற்றியது அதுதான்; ஆனால் வனாந்தரத்தில் மோசே வெண்கலத்தில் செய்து உயர்த்தியதும் பாம்பின் உருவம்தான். யோவான் 3இல் இயேசு அதைத் தமக்கே ஒப்பிட்டுச் சொல்கிறார். சர்ப்பத்தைப் போல் விவேகமாக இருங்கள் என்று சீஷர்களுக்கும் சொன்னார். தேளுக்கு அப்படி ஒரு நல்ல வார்த்தை முதலிலிருந்து கடைசிவரை கிடையாது. அது பேசுவதில்லை, ஆசை காட்டுவதில்லை. கொட்டுகிறது, அவ்வளவுதான்.

முதலில் அது நிஜத் தேள் என்பதை மறக்கக் கூடாது. சீனாய், நெகேவ் பாலைவனங்களில் கடும் விஷமுள்ள மஞ்சள் தேள் இன்றும் உண்டு. பகலெல்லாம் கல்லுக்கடியில் கிடந்து ராத்திரியில் வெளியே வரும். கானானின் தெற்கு எல்லையில் இருந்த அக்கராபீம் மேட்டுக்குப் பெயரே தேள்களால் வந்ததுதான். தரையில் படுத்து 40 வருஷம் அலைந்த இஸ்ரவேல் ஜனத்திடம் உபாகமம் 8, பாம்பும் தேளும் தண்ணீரில்லாத வறட்சியும் இருந்த வழியாகக் கர்த்தர் உங்களை நடத்தினாரே என்று நினைவூட்டுகிறது. கேட்டவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம். என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் இவன்தான். தகப்பன் சுமத்திய பாரமான நுகத்தை இலகுவாக்கும்படி ஜனங்கள் கேட்டு வருகிறார்கள். முதியவர்கள் இணங்கிப்போகச் சொல்கிறார்கள். இவனோ கூட வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, என் தகப்பன் சவுக்கால் தண்டித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்கிறான். (வாலிபர் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் ராஜாவாகும்போது இவனுக்கே 41 வயது!) முள் வைத்த சவுக்கைத்தான் தேள் என்கிறான் என்று பலர் விளக்குவார்கள். இருக்கலாம். ஆனால் வேதம் முழுக்கத் தேடினாலும், தேளைத் தன் கையிலிருக்கும் ஆயுதமாகச் சொல்லிப் பெருமையடிப்பவன் இவன் ஒருவன்தான். இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் போய்விட்டன. அவன் ரதமேறி எருசலேமுக்கு ஓடினான்.

இதோடு வெளிப்படுத்தல் 9ஐ வைத்துப் பார். பாதாளக் குழியிலிருந்து வரும் வெட்டுக்கிளிகளுக்குத் தேளின் வாலும் கொடுக்கும் இருக்கின்றன. படிக்கவே பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொல்ல அனுமதி இல்லை, ஐந்து மாதம்தான் வேதனைப்படுத்தலாம், தேவனுடைய முத்திரை உள்ளவர்களைத் தொடக் கூடாது. ராஜா தன் தேளுக்கு எல்லையே வைக்கவில்லை. பாதாளத்தின் தேளுக்கு எல்லை இருக்கிறது. தேள் என்றால் சாத்தான் என்று சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போய்விடும்.

லூக்கா 11இல் முட்டை கேட்ட பிள்ளைக்குத் தேளைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று வருகிறதே, மத்தேயுவில் அந்த முட்டையும் தேளும் இல்லை. சுருண்ட தேள் முட்டை மாதிரி தெரியும் என்று ஒரு விளக்கம் கேட்டிருப்பாய். எனக்கு அது ஒட்டவில்லை. எந்தத் தகப்பனும் அதைச் செய்ய மாட்டான் என்பதில்தானே அந்தக் கேள்வியின் பலமே இருக்கிறது!

பிற்காலத்தில் நடந்ததையும் சொல்கிறேன். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேள் நிறைந்த வட ஆப்பிரிக்காவிலிருந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், உபத்திரவ காலத்தில் விசுவாசிகளின் உறுதியைக் குலைத்தவர்களைத் தேள் என்று அழைத்து, அந்தக் கடிக்கு மருந்து என்றே ஒரு நூல் எழுதினார். அது பொருந்துகிறது. ஆனால் மத்திய கால இத்தாலிய ஓவியர்கள் சிலுவைக் காட்சிகளில் கொடிகளில் தேளை வரைந்து, அதை யூதர்கள்மேல் சுமத்தும் அடையாளமாக்கியது அசிங்கம். எசேக்கியேல் 2இல் இஸ்ரவேலரைத் தேள் என்று சொல்லும் இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பகுதி, நீ அவர்கள் நடுவே இருந்தாலும் பயப்படாதே, பேசு என்று அவர்களிடமே ஒருவரை அனுப்புகிறது.

உன் வேதபாட வகுப்பில் தேள்களை மிதிக்கும் அதிகாரம் பற்றிய லூக்கா 10:19ஐ எடுத்தால், அடுத்த வசனத்தையும் சேர்த்தே எடு. ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாதேயுங்கள் என்று இயேசு அங்கேயே நிறுத்துகிறார். அதிகாரம் கிடைத்த கையோடு வரும் எச்சரிக்கை அது. ரெகொபெயாமையும் அன்றைக்கே பேசலாம் என்பது என் யோசனை. அவனை வாலிபர்களுக்கு எப்படிச் சொல்வாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்